வரிசை மாறினால் காந்தம் மாறும்

பழைய ரேடியோ ரிப்பேராகி வீட்டு மூலையில் கிடந்தால் பையன்கள் முதலில் கைவைப்பது அதன் ஸ்பீக்கரில்தான். பின்பக்கம் வளையமாக ஒட்டியிருக்கும் கருப்புக் காந்தத்தைத் தட்டிப் பெயர்த்து, நூலில் கட்டி, தெருமணலில் இழுத்துக்கொண்டு போவோம். இரும்புப் பொடி மீசை மீசையாக ஒட்டும். கைதவறிக் கீழே போட்டால் ஓட்டுச்சில்லு மாதிரி உடைந்துவிடும். இரும்பு இப்படி உடையாதே, இது மட்டும் ஏன் பீங்கான் போல உடைகிறது என்று அப்போது நான் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய கட்டாயம் முதுகலை ப்ராஜெக்டில் வந்தது. அந்தக் கருப்புப் பொருளின் பெயர் பேரியம் ஃபெரைட். பேரியம் கார்பனேட்டையும் இரும்பு ஆக்ஸைடையும் கலந்து அரைத்து, உலையில் சுட்டு எடுத்தேன். எக்ஸ்ஆர்டி எடுத்துப் பார்த்தால் கோடுகள் எல்லாம் புத்தகத்தில் உள்ள இடத்திலேயே இருந்தன. ஆனால் காந்தத் திறனை அளந்தால் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவு. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, பொடியைச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் குப்பியை வாங்கவே இல்லை.

"பவுடர் காந்தமா? அப்படீன்னா மெஷினுக்குள்ள விட மாட்டேன் தம்பி. லென்ஸ்ல போய் ஒட்டிக்கிச்சுன்னா யார் கழட்டறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதையே இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படிக்கலாம் :-)

தவறிப் பிறந்த காந்தம்

ஸ்வீடனில் லாங்பான் என்ற இடத்துச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கருப்புக் கனிமத்தை 1925இல் அமினாஃப் என்பவர் ஆராய்ந்து எழுதினார். காந்த குணமும் உண்டு, ஈயமும் உண்டு என்பதால் அதற்கு மேக்னட்டோபிளம்பைட் என்று பெயர். 1938இல் அதே நாட்டைச் சேர்ந்த அடெல்ஷோல்ட், எக்ஸ் கதிர்களை வைத்து அதன் அணு அமைப்பைக் கண்டுபிடித்தார். அணுக்கள் அறுகோண வடிவில் தளம் தளமாக அடுக்கியிருந்தன. அதோடு அந்தக் கனிமத்தை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1950இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கதை மறுபடியும் தொடங்குகிறது. குறைகடத்தி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த குழு ஒன்று, லாந்தனம் ஃபெரைட் செய்து தரும்படி உதவியாளர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் தவறுதலாக வேறொன்றைச் செய்துவிட்டார். வந்த பொருள் காந்தமாக இருந்தது. எக்ஸ் கதிரில் பார்த்தால் அதே மேக்னட்டோபிளம்பைட் அமைப்பு, ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் பேரியம். குறைகடத்திக்காரர்கள் அதைக் காந்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். வென்ட், ராதனாவ், ஹோர்டர், வான் ஊஸ்டர்ஹவுட் ஆகிய நால்வரும் 1952இல் இதைப் பற்றி எழுதினார்கள். 'ஃபெராக்ஸ்டியூர்' என்று வணிகப் பெயரும் வைத்தாயிற்று.

இதில் என்ன பெரிய விஷயம்? அதுவரை நல்ல நிலைக்காந்தம் வேண்டுமென்றால் கோபால்ட்டும் நிக்கலும் சேர்ந்த உலோகக் கலவை வேண்டும். இரண்டும் விலை கூடியவை. புதிய காந்தத்துக்குத் தேவை துருவும் பேரியமும்தான். பானை செய்வதுபோல அழுத்திச் சுட்டால் போதும். உலோகம் அல்ல, சுட்ட மண் வகை. என் ஸ்பீக்கர் காந்தம் ஓட்டுச்சில்லு மாதிரி உடைந்ததன் காரணம் இதுதான்!

எட்டு பேர் மேலே, நாலு பேர் கீழே

பேரியம் ஃபெரைட்டின் சூத்திரம்: ஒரு பேரியம், 12 இரும்பு, 19 ஆக்ஸிஜன். இந்த 12 இரும்பு அயனிகளும் ஆளுக்கொரு குட்டிக் காந்தம். ஒவ்வொன்றின் வலிமையும் 5 போர் மேக்னெட்டான். பன்னிரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் 60 வர வேண்டும். ஆனால் எட்டு மேலே பார்க்கின்றன, நாலு கீழே பார்க்கின்றன. கயிறு இழுக்கும் போட்டி போலத்தான். எட்டில் நாலு கழிய, மிச்சம் நாலு. நாலு ஐந்து இருபது. மிகக் குறைந்த வெப்பநிலையில் அளந்தபோது கிடைத்ததும் ஏறக்குறைய இந்த 20தான்.

யார் மேலே பார்ப்பது, யார் கீழே பார்ப்பது என்பதை எது முடிவு செய்கிறது? அந்த அயனி எந்த அடுக்கில், எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

ஐந்தோவன்காரர்கள் இதோடு நிறுத்தவில்லை. கோபால்ட், துத்தநாகம் என்று எதையெதையோ சேர்த்துச் சுட்டு, இதே குடும்பத்தில் புதிய உறுப்பினர்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றின் அமைப்பை 1957இல் பிரவுன் விளக்கினார். எல்லாமே மூன்று வகைச் செங்கற்களால் ஆனவை. அவற்றுக்கு எஸ், ஆர், டி என்று பெயர். எஸ்ஸும் ஆரும் மாறி மாறி வந்தால் எம் வகை, அதாவது நம் ஸ்பீக்கர் காந்தம். எஸ்ஸும் டியும் மாறி மாறி வந்தால் ஒய் வகை. டி செங்கலில் எட்டு இரும்பு உண்டு. நாலு மேலே, நாலு கீழே, நிகரக் காந்தம் பூஜ்யம்!

குணத்திலும் இரண்டும் வேறு. எம் வகையில் காந்தம் அடுக்குகளுக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். எளிதில் அசைக்க முடியாது. அதனால்தான் அது நிலைக்காந்தம். ஒய் வகையில் காந்தம் அடுக்கின் தளத்திலேயே படுத்துக்கொள்ளும், படுத்தபடி சுலபமாகத் திரும்பவும் செய்யும். ஸ்பீக்கருக்கு ஆகாது, உயர் அதிர்வெண் வேலைகளுக்கு ஆகும். ஏறக்குறைய அதே அணுக்கள்தான். அடுக்கிய விதம் வேறு.

37 மணிகள் கோத்த மாலை

அடுத்த காட்சி அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஃபோர்ட் மான்மவுத்தில் இருந்த ராணுவ மின்னணு ஆய்வுக்கூடம். அங்கே 1960களில் கோன், எக்கார்ட், குக் ஆகியோர் இந்தப் படிகங்களை ஆராய்ந்தார்கள். எம் செங்கலும் ஒய் செங்கலும் ஒரே படிகத்துக்குள் கலந்து வரும் வகைகள் ஒவ்வொன்றாக அவர்கள் கையில் சிக்கின. இரண்டு எம்முக்கு இத்தனை ஒய், நாலு எம்முக்கு அத்தனை ஒய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது.

இங்கேதான் சிக்கல். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சிவப்பு மணி, நாலு பச்சை மணி. வட்டமாகக் கோத்தால் எத்தனை விதமாகக் கோக்கலாம்? சிவப்பு இரண்டும் பக்கத்தில் இருக்கலாம். நடுவில் ஒரு பச்சை வரலாம். அல்லது இரண்டிரண்டு பச்சையாகப் பிரியலாம். ஆக மூன்று விதம். மூன்றிலும் மணிகளின் எண்ணிக்கை ஒன்றே. ரசாயனப் பகுப்பாய்வு செய்தால் மூன்றுக்கும் ஒரே விடைதான் வரும். எடையும் ஒன்றுதான்.

கோன் குழு பட்டியலிட்டதில் ஒரு ராட்சதன் உண்டு. நாலு எம், முப்பத்து மூன்று ஒய். சூத்திரத்தை எழுதினால் 70 பேரியம், 66 துத்தநாகம், 444 இரும்பு, 802 ஆக்ஸிஜன்! எம் அடுக்கின் தடிமன் சுமார் 11.6 ஆங்ஸ்ட்ராம், ஒய் அடுக்கு சுமார் 14.5. முப்பத்தேழையும் கூட்டினால் ஏறக்குறைய 526 ஆங்ஸ்ட்ராம். அடுக்குகள் பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்ந்து நகர்ந்து உட்காருவதால், மூன்று சுற்று முடிந்தால்தான் முதல் இடம் திரும்பும். ஆக அமைப்பு ஒருமுறை திரும்பி வர 1577 ஆங்ஸ்ட்ராம். சாப்பாட்டு உப்பில் இந்த நீளம் ஆறு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு.

இந்த 37 மணிகளை எத்தனை விதமாகக் கோக்கலாம் என்று நானே கணக்குப் போட்டேன். மாலையைச் சுழற்றினால் ஒன்றாகிறவற்றை ஒன்றாகவே எண்ணினால் 1785 விதம். இதில் படிகம் தேர்ந்தெடுத்தது எது? எக்ஸ் கதிர் கோடி கோடி அடுக்குகளில் பட்டு ஒன்றாகத் திரும்பும். நமக்குக் கிடைப்பது சராசரி. மாலை சிறியதாக இருந்தால் அந்தச் சராசரியிலிருந்தே வரிசையை ஊகித்துவிடலாம். இவ்வளவு பெரிய மாலையில் ஒவ்வொரு ஊகமாகப் போட்டுச் சரிபார்ப்பது பெரும்பாடு.

ஃபோர்ட் மான்மவுத் குழு ஒரு குறுக்குவழி பிடித்தது. எம்மும் ஒய்யும் அமிலத்தில் ஒரே மாதிரி அரிபடுவதில்லை. படிகத்தின் பக்கவாட்டை அமிலத்தில் அரித்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகளின் வரிசை மேடும் பள்ளமுமாகத் தெரியும். கோயில் குளத்துப் படிகளை எண்ணுவது போல எண்ணிக்கொண்டே போகலாம். கோன், எக்கார்ட், குக் மூவரும் இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்து 1971இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

வெளியே எண்ணியது போதும், உள்ளே பார்ப்போம்

எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதற்குள் நாற்பது வயதைத் தொட்டிருந்தது. காந்தச் சுருள் ஒன்று எலெக்ட்ரான்களை லென்ஸ் போலக் குவிக்கும் என்று ஜெர்மனியின் புஷ் 1926இல் காட்டினார். 1931இல் பெர்லினில் குனோலும் ரஸ்காவும் அதை வைத்து முதல் கருவியைச் செய்தார்கள். 1933இல் ரஸ்காவின் அடுத்த கருவி ஒளி நுண்ணோக்கியைத் தாண்டிவிட்டது. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1986இல்தான். ஐம்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்திருக்கிறார் மனிதர்!

1956இல் இங்கிலாந்தில் மென்டர் என்பவர் பிளாட்டினம் தாலோசயனைன் படிகத்தின் தளங்களை நேரடியாகப் படம் பிடித்தார். தளங்களுக்கு இடையே சுமார் 12 ஆங்ஸ்ட்ராம். வரிவரியாக ஓடும் கோடுகளில் ஓரிடத்தில் ஒரு கோடு பாதியில் நின்றுபோனதும் படத்தில் தெரிந்தது. படிகத்தின் பிழையை அதன் இடத்திலேயே பார்க்க முடிந்தது.

நம் எம் அடுக்கு 11.6 ஆங்ஸ்ட்ராம் என்று சொன்னேன் அல்லவா? மென்டரின் 12க்குப் பக்கத்து வீடு! அந்த வகையில் ஃபெரைட் அடுக்குகள் இந்தக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றவை. 1974இல் இரண்டு இடங்களிலிருந்து படங்கள் வந்தன. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் வான் லாண்டைட்டும் அமெலின்க்ஸும், கோன், எக்கார்ட் இருவரோடு சேர்ந்து வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் மெக்கானல், ஹட்சிசன், ஆண்டர்சன் மூவரும் வெளியிட்டார்கள். எம் ஒரு அகலம், ஒய் ஒரு அகலம் என்று படத்திலேயே வரிசையைப் படிக்கலாம்.

ஆண்டர்சன் சாதாரண ஆள் அல்ல. எமிலியஸோடு சேர்ந்து 1938இல் கனிம வேதியியலுக்குப் புகழ்பெற்ற பாடநூல் எழுதியவர். வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. சேர்மம் என்றால் என்ன?

நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்த பதில் எளிது. மாறாத விகிதத்தில் தனிமங்கள் சேர்ந்தால் சேர்மம், எப்படி வேண்டுமானாலும் சேர்ந்தால் கலவை. இருநூறு வருடத்துக்கு முன் இதற்காக ப்ரூஸ்ட்டும் பெர்த்தோலேவும் சண்டை போட்டு, ப்ரூஸ்ட் ஜெயித்தார். ஆனால் 4 எம், 33 ஒய் என்பது சேர்மமா? விகிதம் திட்டவட்டமாக இருக்கிறது, வரிசையும் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் சேர்மம். பக்கத்திலேயே இன்னொரு படிகத்தில் வரிசை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு ஒய் கூடுதலாக நுழைந்துவிட்டால்? அந்தப் படிகத்தின் சூத்திரத்தை எப்படி எழுதுவது? நுண்ணோக்கிப் படங்களில் இந்த இரண்டு விதமும் தெரிந்தன. எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு சூத்திரம் எழுதினால் எந்த இடத்தைப் பற்றியும் முழு உண்மை சொல்லாத சூத்திரமாகிவிடும். தேர்தலில் 'சராசரி வாக்காளர்' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி ஆளை எந்தத் தெருவிலும் பார்க்க முடியாது!

என் எக்ஸ்ஆர்டி கோடுகள் சரியாக இருந்தும் காந்தம் ஏன் குறைந்தது என்று யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். என் பொடியில் பிழை அடுக்குகள்தான் இருக்கின்றன என்று அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம்போல இருந்தால் என் எக்ஸ்ஆர்டி அதைக் காட்டிக் கொடுத்திருக்காது.

படிகத்துக்கு ஞாபகசக்தி உண்டா?

இன்னொரு புதிர். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு சில ஆங்ஸ்ட்ராம் தூரம்தான் எட்டும். 37ஆவது அடுக்கில் உட்காரும் அணுவுக்கு, 526 ஆங்ஸ்ட்ராம் கீழே முதல் அடுக்கில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்?

இதே புதிர் சிலிக்கான் கார்பைடிலும் இருந்தது. 1951இல் இங்கிலாந்தின் ஃப்ராங்க் ஓர் அழகான விளக்கம் சொன்னார். படிகம் மாடிமேல் மாடியாக வளரவில்லை, சுழற்படிக்கட்டு போல வளர்கிறது. நடுவில் திருகுபோல ஒரு பிழை. அதன் படி எத்தனை அடுக்கு உயரமோ, அத்தனை அடுக்குகளும் ஒவ்வொரு சுற்றிலும் அப்படியே நகலாகும். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அச்சுக்கட்டை ஒன்றுதான், சுற்றச் சுற்ற அதே கோலம் விழும்.

அந்தச் சுழற்படிகளை சிலிக்கான் கார்பைடின் மேற்பரப்பில் 1951இல் படம் எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். அஜித் ராம் வர்மா. அப்போது லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அவரும் கிருஷ்ணாவும் சேர்ந்து 1966இல் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஃபெரைட் மாலைகளின் நீண்ட வரிசைக்கும் இந்தத் திருகு விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. ஒழுங்கான வரிசைக்குக் காரணமே ஒரு பிழை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

லென்ஸே காந்தம்!

இப்போது அந்த நுண்ணோக்கி அண்ணனிடம் திரும்புவோம். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் லென்ஸ் கண்ணாடி அல்ல, காந்தம். சாதாரணக் கருவியில் மாதிரி இருக்கும் இடத்திலேயே சுமார் 2 டெஸ்லா காந்தப்புலம் இருக்கும். தளர்வான காந்தப் பொடியை அங்கே வைத்தால் பறந்துபோய் லென்ஸில் ஒட்டும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

ஒட்டாமல் கெட்டியாகப் பதித்து வைத்தாலும் இன்னொரு சங்கடம் உண்டு. அந்தப் புலத்தில் மாதிரியின் குட்டிக் காந்தங்கள் எல்லாம் லென்ஸ் சொன்ன பக்கம் திரும்பிவிடும். அணுக்கள் தெளிவாகத் தெரியும், அவற்றின் இயல்பான காந்த நிலை அழிந்திருக்கும். லென்ஸை அணைத்தால் காந்த நிலை பிழைக்கும், அணுக்கள் தெரியாது. 1959இல் தொடங்கிய லொரென்ட்ஸ் முறை இந்த இரண்டாவது வழிதான். அதிலும் பெரிய காரியங்கள் நடந்தன. 2012இல் ஜப்பானியக் குழு ஒன்று, ஸ்காண்டியம் கலந்த பேரியம் ஃபெரைட்டில் காந்தம் சுழல் சுழலாகச் சுருண்டிருப்பதை இந்த முறையில்தான் படம் பிடித்தது. நம்ம ஸ்பீக்கர் காந்தத்தின் சொந்தக்காரன்தான்!

அமைப்பைப் பார்க்கும் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஹைடர், ரோஸ், உர்பான் குழு 1998இல் லென்ஸின் பிறவிக் குறையைத் திருத்திக் காட்டியது. பார்க்க முடிந்த நுணுக்கம் 2.4 ஆங்ஸ்ட்ராமிலிருந்து சுமார் 1.4க்கு இறங்கியது. இன்றைய கருவிகளில் கனமான அணு பிரகாசமாகத் தெரியும்படி படம் எடுக்கலாம். பேரியத்தின் அணு எண் 56, இரும்பின் அணு எண் 26. படத்தில் பேரியம் அகல்விளக்கு வரிசைபோல மின்னும். விளக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தே எது எம், எது ஒய் என்று சொல்லிவிடலாம்.

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியுமா? 2019இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷிபாடா குழு வழி கண்டது. மாதிரிக்கு மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். இரண்டின் புலமும் எதிரெதிர். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மாதிரி இருக்கும் இடத்தில் புலம் ஏறக்குறைய பூஜ்யம். அணுக்களும் தெரியும், காந்த நிலையும் பிழைக்கும். 2022இல் அதே கருவியை வைத்து ஹேமடைட் படிகத்துக்குள் அடுக்குக்கு அடுக்கு காந்தப்புலம் திசை மாறுவதைப் படமாகவே காட்டினார்கள். ஹேமடைட் என்றால் வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்ஸைடு. நான் உலையில் போட்ட அதே சிவப்புப் பொடி!

'எட்டு மேலே, நாலு கீழே' என்று 1950களில் கணக்குப் போட்டவர்கள் மொத்தக் காந்தத்தை அளந்து உள்ளே இருப்பதை ஊகித்தார்கள். இப்போது அந்த மேலும் கீழும் அதனதன் இடத்திலேயே கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. எத்தனை அணு என்று எண்ணுவது பாதி வேலை. எந்த வரிசையில் என்று பார்ப்பது மீதிப் பாதி. இந்த வரலாறு எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

என் குப்பி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. பொடியை எபாக்ஸியில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, மறுபடியும் அந்த அண்ணனிடம் போகப் போகிறேன். இந்த முறை திட்டு வாங்க மாட்டேன் என்று நம்பிக்கை. படம் கிடைத்தால் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, வரிசை தவறிய அடுக்கு ஏதாவது இருக்கிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.

அதுவரை, வீட்டில் பழைய ஸ்பீக்கர் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் :-)